ஓர் ஒளியியல் ஜர்னலைப் பத்து வருஷத்துக்குப் படிப்பது எப்படி: சேலத்தில் புதிதாக ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு

பிஎச்.டி.க்குப் பதிவு செய்த கையோடு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், இமேஜிங்ல இப்ப எதுங்க சார் ட்ரெண்டு?" வாழப்பாடியிலிருந்து பஸ் மாறி வரும் பெண்ணும் கேட்கிறாள், ஓமலூர்ப் பையனும் கேட்கிறான். போனில் யாரோ அனுப்பிய பத்துத் தலைப்புகள் இருக்கும். பத்திலும் டீப் லேர்னிங் இருக்கும். "ஏதாவது ஒரு ஜர்னலோட பொருளடக்கத்தைப் பத்து வருஷத்துக்குச் சேர்த்துப் படிச்சிருக்கியாப்பா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இதுவரை ஒருவரும் ஆமாம் என்று சொன்னதில்லை.

அந்தப் படிப்பை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். இயற்பியலோ எலெக்ட்ரானிக்ஸோ முடித்துவிட்டு, சேலத்தில் ஒரு கல்லூரியில் ஒளியியல், இமேஜிங் (ஒளியால் படம் பிடிப்பது) பக்கம் வருகிறவரை மனதில் வைத்து எழுதியது. மொத்தம் ஒரு மாத வேலை. நான் பார்த்தவரை, இரண்டாம் வருஷத்தில் தலைப்பை மாற்றிக்கொண்டு தவிக்கிறவர்கள் இந்த ஒரு மாதத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்தான்.

முதல் படி: ஒரே ஒரு ஜர்னல்

ஒளியியல் ஜர்னல்கள் ஒரே குடும்பத்தில் பிறந்து பிரிந்தவை போல இருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் ஜர்னல் 1917இல் தொடங்கியது. 1984இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். 'ஏ' பகுதி படம் எப்படி உருவாகிறது, கண் எப்படிப் பார்க்கிறது என்கிற பக்கம். 'பி' பகுதி ஒளி இயற்பியல், லேசர் பக்கம். நடுவில் 1962இல் 'அப்ளைடு ஆப்டிக்ஸ்' வந்தது: கருவி, அளவீடு, பயன்பாடு. 1977இல் 'ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ்': நாலு பக்கத்துக்குள் சொல்லி முடிக்கிற சின்னப் பேப்பர்கள். 1997இல் 'ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்': தொடக்கத்திலிருந்தே யாரும் இலவசமாகப் படிக்கலாம். மருத்துவ இமேஜிங் பெருகியதும் 2010இல் 'பயோமெடிக்கல் ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்' தனியாகக் குடித்தனம் போனது. சங்கமே 2021இல் தன் பெயரை 'ஆப்டிகா' என்று மாற்றிக்கொண்டது. பழைய பேப்பரில் ஒரு பெயரும் புதியதில் இன்னொரு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

இந்தியாவிலும் ஒளியியல் சங்கம் ஒன்று இருக்கிறது, 'ஜர்னல் ஆஃப் ஆப்டிக்ஸ்' அவர்களுடையது. உள்ளூர் ஜர்னல்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சி.வி. ராமன் 1928இல் தன் கண்டுபிடிப்பை எழுதியது 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழில். 1930இல் நோபல் பரிசு வந்தது.

புதிதாக வருகிறவருக்கு என் சிபாரிசு 'அப்ளைடு ஆப்டிக்ஸ்'. கணக்கில் மூழ்கடிக்காது. யார் எந்த லென்ஸை எங்கே வைத்தார்கள் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். ஆய்வகத்தில் நாம் தொட்டுப் பழகிய சாமான்களை அதில் பார்க்கலாம். கூடவே துணைக்கு 'ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்', முழுப் பேப்பரும் காசில்லாமல் கிடைக்கும் என்பதற்காக.

இரண்டாம் படி: பேப்பரைக் கையில் வாங்குவது

பொருளடக்கமும் சுருக்கமும் எந்த ஜர்னலிலும் இலவசம். போக்கு பார்க்க அது போதும். முழுப் பேப்பர் தேவைப்படும்போது, அரசுக் கல்லூரியிலோ பெரியார் பல்கலைக்கழகத்திலோ இருந்தால் முதலில் நூலகரைப் போய்ப் பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், ஐ-ட்ரிபிள்-ஈ எல்லாம் அதில் உண்டு. உங்கள் லாகினில் எது திறக்கிறது என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து சோதித்து, பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் இருப்பவர்களுக்கு, பேப்பர்களை இலவசமாகப் படிக்கப் போட்டு வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளம் கை கொடுக்கும். அதில் ஒளியியலுக்கும், படம் மற்றும் வீடியோ செயலாக்கத்துக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. அதிலும் இல்லையென்றால், பேப்பர் எழுதியவருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

மூன்றாம் படி: நோட்டு

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் 200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். பேப்பர்களில் சேர்ந்து வரும் வார்த்தைகளுக்கு நடுவே கோடு போட்டு அழகான வரைபடம் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் செய்த 'வாஸ்வியூவர்' இலவசம், நல்ல கருவியும்கூட. ஆனால் துறையின் வார்த்தைகள் உங்களுக்குப் பழகும் முன் அதை ஓட்டினால், கிடைக்கும் படத்தில் எது முக்கியம் எது குப்பை என்று உங்களுக்கே தெரியாது.

'அப்ளைடு ஆப்டிக்ஸ்' மாதம் மூன்று இதழ் வருகிறது. எல்லாவற்றையும் படிக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு இதழ் எடுங்கள், எல்லா ஆண்டும் அதே மாதம், அதே தேதி. மார்ச் முதல் இதழும் செப்டம்பர் முதல் இதழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுக்கு இருபது இதழ். இமேஜிங் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வரி. பக்கத்தை ஐந்து பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, என்ன கேள்வி, என்ன கருவி, எதைப் படம் பிடித்தார்கள், முன்பு முடியாதது எது இப்போது முடிந்தது.

'கேள்வி' என்ற பத்திதான் கஷ்டம். தலைப்பில் அது இருக்காது. சுருக்கத்தின் இரண்டாவது மூன்றாவது வாக்கியத்தில், "ஆனால்" என்று திரும்புகிற இடத்தில் ஒளிந்திருக்கும். முதல் வாரம் ஒரு பேப்பருக்குக் கால் மணி நேரம் ஆகும். மூன்றாம் வாரம் இரண்டு நிமிஷத்தில் முடியும். அந்த வேகம் வந்துவிட்டால் துறை உங்களுக்குப் பிடிபடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் எண்ணிக்கை. இதில் எல்லோரும் சறுக்குகிற இடங்கள் இரண்டு. ஹோலோகிராபி பேப்பர் ஒரு வருஷம் 20 இருந்தது, பிறகு 30 ஆனது என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்துவிட்டது என்று எழுதுவார்கள். அந்த ஜர்னலில் மொத்தப் பேப்பர் அதே காலத்தில் 200லிருந்து 400 ஆகியிருந்தால், பங்கு 10 சதவீதத்திலிருந்து 7.5 ஆகக் குறைந்திருக்கிறது. எப்போதும் மொத்தத்தில் எத்தனை பங்கு என்றே எழுதுங்கள். இரண்டாவது, சிறப்பிதழ். ஏதாவது ஒரு மாநாட்டை ஒட்டி ஒரே தலைப்பில் முப்பது பேப்பர் ஒரே இதழில் வந்திருக்கும். நோட்டில் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் 'சி' என்று போட்டுவிடுங்கள். எண்ணும்போது அவற்றைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: பெயர் மாறும், ஆள் ஒன்றே

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை டவுன் பஸ் ஸ்டாண்டு என்றும் சொல்வார்கள், இடம் ஒன்றுதான். ஜர்னல்களிலும் அப்படித்தான். 'டிஜிட்டல் ஹோலோகிராபிக் மைக்ரோஸ்கோபி' என்று ஒரு கூட்டம் எழுதும். 'குவான்டிடேட்டிவ் ஃபேஸ் இமேஜிங்' என்று இன்னொரு கூட்டம் எழுதும். முழுக்க ஒன்று என்று சொல்ல முடியாது, ஆனாலும் பாதிக்கு மேல் ஒரே வீட்டு ஆட்கள். பெயரை மட்டும் எண்ணினால் முதலாவது தேய்கிறது, இரண்டாவது வளர்கிறது என்று படும். நடந்தது பெயர்ப்பலகை மாற்றம் மட்டுமாக இருக்கலாம்.

பழைய பேப்பர்களில் இதற்கு ஒரு உதவி உண்டு. அமெரிக்கச் சங்கத்தின் ஜர்னல்களில் ஒவ்வொரு பேப்பருக்கும் எண் குறியீடு போட்டிருந்தார்கள். 090 என்றால் ஹோலோகிராபி, 100 படச் செயலாக்கம், 110 இமேஜிங் அமைப்புகள், 170 மருத்துவ ஒளியியல், 180 மைக்ரோஸ்கோபி. பிற்காலத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய இதழ்களைப் புரட்டும்போது அந்த எண்களையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் தங்கள் வேலையை எந்த அறையில் வைத்துப் பார்த்தார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். புதியவற்றுக்கு நீங்களே ஒரு பக்கத்தில் இணைப்பெயர் பட்டியல் போட வேண்டும். வாஸ்வியூவர் ஓட்டும் நாள் வரும்போது அந்தப் பக்கம்தான் உங்களுக்கு அகராதி.

ஐந்தாம் படி: கேள்வி எது, கருவி எது

நோட்டு பாதி நிறைந்ததும் இந்த வேலையைத் தொடங்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒரு உதாரணத்தை நிதானமாகவே சொல்கிறேன்.

கேமராவுக்கு ஒளியின் செறிவு மட்டும்தான் தெரியும். அலை எந்தக் கட்டத்தில் (ஃபேஸ்), அதாவது தன் ஏற்ற இறக்கத்தின் எந்த இடத்தில், வந்து சேர்ந்தது என்பது தெரியாது. நிறமில்லாத ஒரு செல் ஒளியைக் குறைப்பதே இல்லை, கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்தத் தாமதம் கட்டத்தில் இருக்கிறது. அதனால் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் செல் கண்ணாடி மேல் கண்ணாடியாகத் தெரியும். தொலைந்த இந்தக் கட்டத்தை எப்படி மீட்பது? இதுதான் கேள்வி.

ஜெர்னிக் என்ற இயற்பியலாளர் அதற்குக் கண்ணாடித் தகட்டில் ஒரு வழி செய்து, கட்ட வேறுபாட்டை வெளிச்ச வேறுபாடாக மாற்றினார். 1953இல் நோபல். காபோர் 1948இல் இன்னொரு ஒளியைக் கூட மோதவிட்டுக் கட்டத்தைப் பதிவு செய்தார். அதுதான் ஹோலோகிராபி, 1971இல் நோபல். 1972இல் கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் இருவரும் கணக்காலேயே, முன்னும் பின்னும் திரும்பத் திரும்பப் போட்டு மீட்கலாம் என்றார்கள். ஃபைனப் அதைச் செப்பனிட்டு 1982இல் 'அப்ளைடு ஆப்டிக்ஸ்' இதழில் எழுதிய பேப்பரை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1994இல் ஃபிலிமுக்குப் பதில் டிஜிட்டல் கேமராவிலேயே ஹோலோகிராமை நேராகப் பதிவு செய்துகாட்டினார்கள், அதுவும் அதே ஜர்னலில். 2013இல் சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் எல்.ஈ.டி. விளக்கு வரிசை வைத்து, ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பல படம் எடுத்துச் சேர்க்கும் முறை வந்தது. 2017 வாக்கில் அதே மீட்பை நியூரல் நெட்வொர்க், அதாவது டீப் லேர்னிங், செய்யத் தொடங்கியது.

கேள்வி ஒன்று. எண்பது தொண்ணூறு வருஷத்தில் கருவி அரை டஜன் தடவை மாறிவிட்டது. "டீப் லேர்னிங் ட்ரெண்டு" என்று சொல்கிறவர் பார்ப்பது கடைசிக் கருவியை மட்டும். நோட்டில் 'கேள்வி' பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள், அப்புறம் 'கருவி' பத்தியை. முதல் பத்தி மெதுவாக நகரும், இரண்டாவது ஓடும். உங்கள் தலைப்பை முதல் பத்தியிலிருந்து எடுங்கள். கருவியை நம்பித் தலைப்பு எடுத்தால், நீங்கள் தீசிஸ் எழுதும் நாளில் அந்தக் கருவி பழசாகியிருக்கும். கேள்வியை எடுத்தால் நடுவில் கருவியை மாற்றிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: காணாமல் போனது செத்ததா, இடம் மாறியதா?

ஒரு தலைப்பு குறைந்துகொண்டே போய் மறைந்தால், சட்டென்று 'முடிந்தது' என்று எழுதாதீர்கள்.

கண் ஆஸ்பத்திரியில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே தெரியும் குறியையே பார்க்கச் சொல்வார்கள். சில நொடியில் விழித்திரை அடுக்கடுக்காகத் திரையில் வரும். ஓ.சி.டி. (ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராபி) என்பது அதுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலருக்குப் பழக்கமான சோதனை. அது 1991இல் 'சயன்ஸ்' இதழில் பிறந்தது. பிறகு பல வருஷம் ஒளியியல் ஜர்னல்களின் பிள்ளையாக இருந்தது. 2003இல் 'ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்', 'ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ்' இரண்டிலும் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் காட்டின. கருவிக்குள் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடியை நகர்த்தி ஆழம் ஆழமாக அளப்பதைவிட, நிறமாலையை மொத்தமாகப் பதிவு செய்து கணக்கால் பிரித்தால் உணர்திறன் பல மடங்கு கூடும். கருவி வேகமானது அங்கேதான். அதன் பிறகு வேலை மருத்துவ ஒளியியல் ஜர்னல்களுக்குப் போனது, அங்கிருந்து கண் மருத்துவ ஜர்னல்களுக்கு.

ஆகவே தலைப்புக்கும் பிறப்பு, வளர்ப்பு, புகுந்த வீடு எல்லாம் உண்டு. உங்கள் நோட்டில் தேயும் தலைப்பை மற்ற ஜர்னல்களில் தேடுங்கள். இயற்பியல்காரருக்கு அங்கே செய்ய என்ன மிச்சம் என்று கேளுங்கள். சில சமயம் ஒன்றும் இருக்காது. அது தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

ஏழாம் படி: ஏற்காட்டுப் பனியைக் கேள்வியாக்குவது

இப்போது நோட்டை மூடிவிட்டு வெளியே வாருங்கள். கார்த்திகை, மார்கழியில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறியிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போகப் பனி இறங்கும். ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நிற்கும். டிரைவர் உடனே டிம் செய்து, ஓரத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஊர்வார்.

அந்த வெள்ளைச் சுவர் ஒரு பெரிய ஆராய்ச்சித் தலைப்பு: சிதறல் ஊடகத்துக்கு ஊடே படம் எடுப்பது. பனித்துளி சுமார் பத்து மைக்ரோமீட்டர் அளவு, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கிறது, பனி வெள்ளையாகத் தெரிகிறது. மஞ்சள் விளக்குப் பனியைத் துளைக்கும் என்று சொல்வதற்கு நிறத்தில் காரணம் கிடையாது. விளக்கைத் தாழ்வாக வைத்து, விளிம்பை வெட்டினாற்போல் ஒளியைப் பாய்ச்சுவதுதான் பனி விளக்கில் உதவுவது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் லேசர் பாயிண்டரை அடியுங்கள். சொட்டு மருந்துக் குழாயால் ஒரு சொட்டுப் பால் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கதிர் கோடாகத் தெரியும். ஐந்தாறு சொட்டில் கோட்டைச் சுற்றி ஒளிவட்டம் பிடிக்கும். இன்னும் விட்டால் கோடு காணாமல் போய் டம்ளர் முழுக்க ஒளிரும். முதலில் நேராகப் போன ஒளிதான் அதிகம், கடைசியில் பலமுறை மோதித் திசை மறந்த ஒளிதான் எல்லாம். நேராக வந்த கொஞ்சத்தை மட்டும் எப்படிப் பொறுக்குவது? திசை மறந்த ஒளியில் இன்னும் தகவல் மிச்சம் இருக்கிறதா? துறையே இந்த இரண்டு கேள்வியில் நிற்கிறது. 2007இல் 'ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில், அலைமுகத்தை (ஒளியலையின் முன்பக்க வடிவத்தை) முன்கூட்டியே சரிக்கட்டி அனுப்பினால் ஒளிபுகாத வெள்ளைப் பூச்சுக்குப் பின்னாலும் ஒளியைக் குவிக்கலாம் என்று செய்து காட்டினார்கள். இதே வேலையைக் கம்ப்யூட்டர் விஷன்காரர்கள் வேறு பக்கமிருந்து செய்தார்கள். ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துப் பனியை நீக்கும் புகழ்பெற்ற முறை 2009இல் வந்தது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் விளக்கின் செறிவைத் தாளகதியில் ஏற்றி இறக்கி, அந்தத் தாளத்தைத் தக்கவைத்த ஒளியை மட்டும் பிரித்தெடுக்கும் வேலை நடந்திருக்கிறது. இந்த ஊர்க்காரருக்கு இதில் ஒரு வசதி. மலைப்பாதையில் உண்மையான பனியும், நகரத்தில் ஆய்வகமும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. ஆய்வகத்துப் புகைப்பெட்டியில் மட்டும் சோதித்த முறை நிஜப் பனியில் எப்படி நடக்கிறது என்பதே எழுதத் தகுந்த விஷயம்.

எட்டாம் படி: நம்ம மேஜையில் எது நடக்கும்?

கேள்வி பிடித்துவிட்டது என்பதற்காக எடுத்துவிட முடியாது. அலைமுகத்தைச் சரிக்கட்டும் கருவி பல லட்சம். ஆய்வகத்தில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஹீலியம்-நியான் லேசர் ஒன்று, நாலைந்து லென்ஸ், ஒரு வெப்கேமரா, ஒரு நல்ல லேப்டாப். பல கல்லூரிகளில் இவ்வளவுதான். இதற்குள் நடக்கிற, அதே சமயம் நோட்டில் இன்னும் உயிரோடு இருக்கிற இரண்டு தலைப்புகளைச் சொல்கிறேன்.

ஒன்று, பட்டைகளைப் பாய்ச்சி உருவம் அளப்பது. செமினார் ஹால் புரொஜெக்டரால் ஒரு பொருளின் மேல் கறுப்பு வெள்ளைக் கோடுகளை விழச்செய்து, கேமராவில் கோடு எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். 1983இல் டகேடாவும் முட்டோவும் 'அப்ளைடு ஆப்டிக்ஸ்' இதழில் எழுதிய பேப்பர் இதற்கு நல்ல தொடக்கம். நாற்பது வருஷமாகியும் ஒரு சிக்கல் முழுக்கத் தீரவில்லை: பளபளக்கும் பரப்பு. கோடு கண்ணாடி போலத் தெறித்துக் கேமராவைக் குருடாக்கிவிடும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகள் பக்கத்தில் இருக்கும்போது சோதனைப் பொருளுக்கு நமக்கு என்ன குறை?

இன்னொன்று, மாம்பழம். லேசரைச் சுவரில் அடித்தால் புள்ளி மணல் மணலாகத் தெரியும். சொரசொரப்பான பரப்பிலிருந்து வரும் ஓரியல் ஒளி (லேசர் போல அலைகள் ஒத்திசைந்த ஒளி) ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாக்கும் அந்த மணலுக்கு ஸ்பெக்கிள் என்று பெயர். அதையே ஒரு பழத்தின் மேல் அடியுங்கள். மணல் கொதிப்பது போல் அசையும். தோலுக்கு அடியில் துகள்களும் நீரும் நகர்வதால் அப்படி. விதை, பழம், இலை என்று உயிருள்ளவற்றை இப்படி அளக்கும் துறை பயோஸ்பெக்கிள். அடுத்தடுத்த படங்களிலிருந்து ஒரே ஒரு செங்குத்துப் பிக்சல் வரிசையை மட்டும் எடுத்துப் பக்கம் பக்கமாக ஒட்டுவார்கள். அசைவில்லாத பொருளுக்குப் படுக்கைக் கோடுகள் வரும். அசைவு கூடக் கூடக் கோடு உடைந்து சிதறும். அந்தச் சிதறலுக்கு ஒரு எண் கொடுப்பதுதான் கணக்கு.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை. கேமராவின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாட்டை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே ஏறி இறங்கி அசைவு போலக் காட்டும். லென்ஸின் துளையைச் சுருக்கினால் மணல் பெரிதாகும். ஒரு மணலுக்கு இரண்டு பிக்சலாவது இருக்க வேண்டும். லேசரை அரை மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். கடையில் வாங்கும் பாயிண்டரில் எழுதியிருக்கும் அளவை நம்பி, கதிரையோ அதன் தெறிப்பையோ பார்க்காதீர்கள்.

மேஜைதான் பெரிய பாடு. எங்கள் ஆய்வகம் ரோட்டோரம். முதல் நாள் மல்கோவா ஒன்றை வைத்து எடுத்த படங்களில் அற்புதமான 'உயிர்த்துடிப்பு' தெரிந்தது. சந்தேகம் வந்து, பழத்தை எடுத்துவிட்டு ஒரு மரக்கட்டையை வைத்தோம். மரக்கட்டையும் துடித்தது. நாங்கள் அளந்தது போகிற வருகிற பஸ்ஸை. பிறகு இரண்டு ஆள் தூக்கும் கருங்கல் பலகை ஒன்று வாங்கி, அடியில் நாலு ஸ்கூட்டர் டியூபைப் பாதிக் காற்றில் வைத்து, லேசர், பழம், கேமரா மூன்றையும் அந்த ஒரே பலகை மேல் ஏற்றினோம். மரக்கட்டை அடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முதலில் மரக்கட்டை, அப்புறம்தான் பழம் என்பது எங்கள் வழக்கம்.

தலைப்பை உறுதி செய்யும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். நோட்டிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து, அதில் உள்ள ஒரே ஒரு படத்தை உங்கள் மேஜையில் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட வந்துவிட்டால் அந்தத் தலைப்பு உங்களுக்கு ஆகும்.

ஒன்பதாம் படி: எங்கே அனுப்புவது

எதில் படித்தீர்களோ அதிலேயே அனுப்பப் பாருங்கள். நோட்டு போட்டவருக்கு அந்த ஜர்னலின் ருசி தெரிந்திருக்கும். என் முதல் பேப்பரை, வெறும் பட மென்பொருள் வேலையை, ஒரு ஒளியியல் ஜர்னலுக்கு அனுப்பினேன். ரிவ்யூவருக்கே போகாமல் எட்டு நாளில் திரும்பி வந்தது: "இதில் ஒளியியல் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி. அவர்களுடைய பத்து இதழைப் புரட்டியிருந்தால் நானே கேட்டிருப்பேன்.

தரமான ஜர்னல்கள் இவை என்று யூஜிசி வைத்திருந்த கேர் பட்டியலை அது 2025இல் கைவிட்டுவிட்டது. இனி ஜர்னல் தரமானதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பும் கைடின் பொறுப்பும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையில் எழுதுகிறவர்களா? உங்கள் நோட்டில் அவர்கள் பெயர் வருகிறதா? கட்டணத்தை முன்கூட்டியே வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்களா? "மூன்று நாளில் வெளியிடுகிறோம்" என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். 2023இல் மட்டும் உலகம் முழுக்க 10,000க்கும் மேற்பட்ட பேப்பர்கள் திரும்பப் பெறப்பட்டன, அவற்றில் பெரும்பகுதி சிறப்பிதழ்கள் வழியாக வந்தவை. பிஎச்.டி.க்குப் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யூஜிசி 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சீனியர் சொன்னார் என்று விட வேண்டாம்.

எப்போது தொடங்குவது

ஜனவரியில் நோட்டு வாங்குங்கள். பிப்ரவரிக்குள் இருபது இதழும் முடிந்துவிடும். மார்ச் மாதம் கருங்கல், டியூப், மரக்கட்டை. ஏப்ரலில் சின்னக்கடை வீதியில் பழம் வரத் தொடங்கும். பழுத்ததை வாங்காதீர்கள். காம்போடு காயாக, ஒரே மரத்துக் காய் என்று கடைக்காரர் உறுதி சொல்லும் கூடையிலிருந்து இருபது எடுத்து, ஒவ்வொன்றின் தோலிலும் பேனாவால் எண் போடுங்கள். பத்தை ஒரே உயரத்திலிருந்து ஒருமுறை கீழே போட்டு அடிபட விடுங்கள், பத்தைத் தொடாமல் வையுங்கள். தினமும் காலை அதே நேரம், பஸ் கூட்டம் தொடங்கும் முன், மரக்கட்டை, பிறகு ஒன்றாம் எண் பழம்.